கொத்துக் கடையில் பிடிக்கும் தீ: இலங்கை முஸ்லிம் ஊர்களில் வதந்தியைப் பெண்களோடு சேர்ந்து எதிர்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. சாப்பிட வந்த ஒரு சிங்கள வாடிக்கையாளரின் தட்டில் கட்டியாக ஏதோ கிடக்கிறது. "மலட்டு மாத்திரை போட்டாயா?" என்று கூட்டம் சூழ்ந்துகொண்டு கேட்கிறது. காசாளருக்குச் சிங்களம் சரியாக வராது. பயத்தில் "ஆம், போட்டோம்" என்கிற மாதிரி எதையோ முனகுகிறார். அது ஒரு போனில் பதிவாகிறது. அன்றிரவே கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அந்தக் கட்டி வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். ஆனால் அந்த வீடியோ அதற்குள் கண்டி வரைக்கும் போய்விட்டிருந்தது. ஒரு லொறிச் சாரதியின் மரணத்தை ஒட்டி மார்ச் முதல் வாரத்தில் திகன எரிந்தபோது, அந்த வீடியோதான் கூட்டத்தின் கையில் "ஆதாரமாக" இருந்தது. தன் தளம் இந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கிளம்பிய வதந்திகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கொத்தில் மலட்டு மாத்திரை. அதற்குச் சில வருடங்களுக்கு முன், முஸ்லிம் துணிக்கடைகளில் விற்கும் உள்ளாடையில் கருவைக் கெடுக்கும் பசை. 2019 மே மாதத்தில், சிசேரியன் செய்யும்போது 4000 சிங்களத் தாய்மாரை மலடாக்கிய வைத்தியர். அதே மாதம் ஹசலகவில் ஒரு பெண் உடுத்தியிருந்த உடையில் பௌத்தர்களின் தர்மச்சக்கரம். உண்மையில் அது கப்பல் சுக்கான். இவற்றோடு அபாயா என்ற நீண்ட அங்கி, நிகாப் என்ற முகத்திரை. எல்லாமே பெண்ணின் கருப்பையைப் பற்றியது, இல்லாவிட்டால் பெண்ணின் உடுப்பைப் பற்றியது. ஆனால் இவற்றுக்குப் பதில் சொல்ல மேடை ஏறியவர்கள் யார்? மௌலவிமார், அரசியல்வாதிகள், வர்த்தகர் சங்கத் தலைவர்கள். கருப்பையைப் பற்றிய பொய்க்குத் தாடி வைத்த ஒருவர் மைக் முன்னால் நின்று மறுப்புச் சொன்னால், பக்கத்து ஊர்ச் சிங்களத் தாய் ஏன் நம்பப் போகிறாள்? சரி, அவளை விடுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கே அந்தப் பதில் போய்ச் சேருவதில்லை.

இந்த வழிகாட்டி அந்த ஓட்டையை அடைக்கத்தான். பள்ளிவாசல் பரிபாலன சபையில் இருப்பவர், மாதர் சங்கம் நடத்துபவர், பிரதேச நிருபர், ஆசிரியை, ஊர் வட்ஸ்அப் குழுவின் அட்மின் என்று யார் கையிலும் இது வேலை செய்ய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் இலங்கையிலிருந்து. 2012 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 9.7 சதவீதம் முஸ்லிம்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வீட்டு மொழி தமிழ்.

படி 1: செய்தி எந்த வழியால் வீட்டுக்குள் வருகிறது என்று வரைந்து பாருங்கள்

ஒரு பெரிய தாள், இரண்டு மூன்று மார்க்கர், எட்டுப் பத்துப் பெண்கள், அரை நாள். அவ்வளவுதான் வேண்டும். "கடைசியாக ஊரில் ஒரு கெட்ட செய்தி கேள்விப்பட்டீர்களே, அதை யார் சொன்னார்கள்? அவருக்கு யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஆண்களிடம் கேட்டால் பள்ளிவாசல், தேநீர்க் கடை, பேஸ்புக் என்பார்கள். பெண்கள் சொல்லும் படம் வேறு. பிள்ளைகளைக் குர்ஆன் மத்ரஸாவில் விடும் நேரம், ஸ்கூல் கேட்டில் காத்திருக்கும் பதினைந்து நிமிடம், தாய்-சேய் கிளினிக் நாள், உடுப்புத் தைக்கும் வீடு, நுண்கடன் வசூலிக்கும் கூட்டம், பெண்கள் பயான் (மார்க்கச் சொற்பொழிவு), ஜனாஸா (மரண) வீடு.

எங்கள் பட்டறைகளில் திரும்பத் திரும்ப வந்த இன்னொரு வழி, சவூதியிலோ கட்டாரிலோ இருக்கும் கணவர். ஊரில் ஒரு கல் விழுந்தால் அது முதலில் ரியாதுக்குப் போய், அங்கே பத்து மடங்காகி, ஐமோ அழைப்பில் "வெளியே போகாதே, ஊர் எரியுதாம்" என்று மனைவியிடம் திரும்பி வருகிறது. பக்கத்துத் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பயந்துபோய் உம்மாவுக்குப் போன் போடுவாள். இந்த வளையத்தை வரைபடத்தில் கட்டாயம் போடுங்கள். பிறகு நீங்கள் அனுப்பும் பதிலும் ரியாத் வழியாகப் போய் வர வேண்டும்.

எந்த வீட்டில் பெண்ணுக்கென்று தனி போன் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாப்பாவின் போனில் வரும் செய்தியை அவர் திறந்து காட்டினால்தான் அந்த வீட்டு மகளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு யார் நேரில் போய்ச் சொல்வது என்று ஒரு பெயர் எழுதுங்கள். எழுத்தை விடக் குரல் பதிவு நல்லது. ஒரு காலத்தில் அரபு எழுத்தில் எழுதிய தமிழை ஓதிய எங்கள் மூத்தம்மாமார் பலர், போனில் வரும் தமிழ் எழுத்தில் தடுமாறுவார்கள். குரலில் வந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

படி 2: ஏழு பேர் குழு, அதில் குறைந்தது மூன்று பெண்கள்

பரிபாலன சபைகள் அநேகமாக முழுக்க ஆண்கள்தான். அதை ஒரே நாளில் மாற்றப் போவதில்லை, இந்த வழிகாட்டியின் வேலையும் அதுவல்ல. அவசரத் தொடர்புக்கென்று தனியாக ஒரு சிறு குழு அமைப்பதை எந்தச் சபையும் மறுப்பது கடினம். "கலவரம் வந்தால் வதந்தி பார்க்க ஆட்கள் வேண்டும்" என்று மட்டும் சொல்லிக் கேளுங்கள். பெண் பிரதிநிதித்துவம் என்று ஆரம்பித்தால் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

ஏன் மூன்று? ஒரு பெண்ணை மட்டும் போட்டால் அவள் கூட்டக் குறிப்பு எழுதுவாள், தேநீர் ஊற்றுவாள், நான்காம் கூட்டத்துக்கு வரமாட்டாள். இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு வீட்டில் காய்ச்சல் வந்த நாளில் மற்றவர் தனியாகிவிடுவார். மூன்று பேர் இருந்தால்தான் ஒருவர் சொன்னதை இன்னொருவர் தாங்கிப் பிடிக்க முடியும்.

யாரைச் சேர்ப்பது? ஊரில் ஓர் ஆலிமா, அதாவது மார்க்கக் கல்வி கற்ற பெண், இருந்தால் அவர். குடும்ப சுகாதார உத்தியோகத்தர், அதாவது நாம் மிட்வைப் மிஸ் என்று சொல்பவர், கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கடை நடத்தும் ஒரு விதவைத் தாத்தா (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே பல ஊர்களில் தாத்தா என்றால் அக்கா). சிங்களம் சரளமாக வாசிக்கும் ஓர் இளம்பெண்ணும் கட்டாயம் வேண்டும். கண்டி, குருநாகல், மாத்தறைப் பக்கம் சிங்கள மொழிமூலம் படித்த முஸ்லிம் பிள்ளைகள் நிறைய. சிங்களப் பேஸ்புக் பக்கங்களில் என்ன எழுதுகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

கூட்டத்தை மஃரிபுக்குப் பிறகு வைக்காதீர்கள். அது சமையல் நேரம், பிள்ளைகளின் பாட நேரம். ளுஹருக்கும் அஸருக்கும் இடையில், ஸ்கூலிலோ மத்ரஸா மண்டபத்திலோ வையுங்கள்.

படி 3: எரிவதற்கு முன் யாருடைய நம்பர் வேண்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, பக்கத்து விகாரையின் பிக்கு, கிராம உத்தியோகத்தர், சிங்கள ஊரின் மரண உதவிச் சங்கத் தலைவியும் தமிழ் ஊரின் மாதர் சங்கத் தலைவியும், சிங்களப் பத்திரிகையின் பிரதேச நிருபர். நம்பர் இருந்தால் மட்டும் போதாது, ஒரு தடவையாவது சும்மா பேசியிருக்க வேண்டும். பெருநாளைக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவது கேலிக்குரிய சமாதான முயற்சி என்று சிலர் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இரவு பத்து மணிக்கு அழைத்தால் போனை எடுப்பவர், எங்கள் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டவராகத்தான் இருக்கிறார். பிக்குவோடு பேசுவதை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். மரண உதவிச் சங்கத் தலைவியோடு உங்கள் குழுப் பெண்கள்தான் பேச வேண்டும்.

படி 4: வதந்தி வந்த முதல் ஆறு மணி நேரம்

இந்தப் படியை ஒருமுறைக்கு இரண்டு முறை வாசியுங்கள். மற்றதெல்லாம் இதற்கான தயாரிப்புத்தான்.

முதலில், பதிவைக் காப்பாற்றுங்கள். ஸ்க்ரீன்ஷொட் எடுத்துவிட்டேன் என்று நிம்மதி அடையாதீர்கள். யார் போட்டது, எந்தக் குழு, என்ன நேரம், இணைப்பு என்ன என்ற நான்கும் வேண்டும். போட்டவர் ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவார், பிறகு பொலிஸில் காட்ட ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, மூல மொழியில் பாருங்கள். 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஒருவரோடு வாய்த்தர்க்கம் செய்தபோது ஆங்கிலத்தில் எழுதியது இவ்வளவுதான்: அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய். ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, நாடே பயத்தில் இருந்தது. அடுத்த தாக்குதலுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று அந்த வரி படிக்கப்பட்டது. அன்றே அவர் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் கடைகளும் வீடுகளும் எரிந்தன, ஒரு தச்சுத் தொழிலாளி கொல்லப்பட்டார். அம்பாறையில் காசாளருக்குப் புரியாத சிங்களம், சிலாபத்தில் கடைக்காரர் தட்டுத்தடுமாறி எழுதிய ஆங்கிலம். இரண்டு நெருப்புமே மொழிபெயர்ப்பில்தான் பிடித்தன. ஆகவே குழுவில் சிங்களம் தெரிந்த பெண் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது, அந்த வரி உண்மையில் என்ன சொல்கிறது, சிங்களத்தில் அதை எப்படிப் பெயர்த்துச் சுற்ற விட்டிருக்கிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுப்பது.

மூன்றாவது, வதந்தியை மறுக்கும்போது அதையே மறுபடி பரப்பாதீர்கள். வீடியோவை இணைத்து "இதை நம்பாதீர்கள்" என்று எழுதுவது நாம் எல்லோரும் செய்யும் தவறு. பார்ப்பவர் வீடியோவைத்தான் பார்ப்பார், உங்கள் வரியை வாசிக்கமாட்டார். உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்யை ஒரே வரியில் தொட்டுவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று முடியுங்கள். மலட்டு மாத்திரைக் கதை மறுபடி கிளம்பினால் இப்படி ஒரு குரல் பதிவு போதும்:

"அஸ்ஸலாமு அலைக்கும். நம்ம தாய்-சேய் கிளினிக் மிட்வைப் பேசுறேன். சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. டவுன் கடையைப் பற்றிச் சுற்றுகிற மெசேஜ் பொய். பொலிஸ் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. யாரும் ரோட்டில் கூட வேண்டாம். உங்களுக்கு அந்த மெசேஜை அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள். அடுத்த தகவல் இரவு எட்டு மணிக்கு இதே குரலில் வரும்."

நாற்பது விநாடிக்கு மேல் போக வேண்டாம். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த செய்தி எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால் மக்கள் காத்திருப்பார்கள். தெரியாவிட்டால் அந்த இடைவெளியை யாரோ ஒருவர் நிரப்பிவிடுவார். எட்டு மணிக்குச் சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும் "புதிதாக ஒன்றும் இல்லை, ஊர் அமைதியாக இருக்கிறது" என்று சொல்லியே ஆக வேண்டும். பொலிஸ் வராமல் வந்ததாகவும் சொல்லக்கூடாது. ஒரு பொய் பிடிபட்டால் அந்தக் குரலை அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

இதே பதிவைச் சிங்களத்தில் ஒரு பெண் குரலில் எடுத்து, படி 3இல் சொன்ன மரண உதவிச் சங்கத் தலைவிக்கு அனுப்புங்கள். அவர் தன் ஊர்க் குழுவில் போட்டால், நம் ஊரிலிருந்து நூறு பேர் போடுவதை விட அதற்குப் பலன் அதிகம்.

நான்காவது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி. இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு: இரவில் "எல்லோரும் பள்ளிக்கு வாருங்கள்" என்று அறிவிக்கக் கூடாது. நம் ஆண்கள் பாதுகாப்புக்காகக் கூடுவதைப் பக்கத்து ஊர் தாக்குதலுக்குத் தயாராவதாகத்தான் பார்க்கும். இன்னொன்று, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது வீட்டில் பெண்கள் பிள்ளைகளோடும் போனோடும் தனியாக இருக்கிறார்கள். வதந்தி வேகமாக வளர்வது அந்த நேரத்தில்தான். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எங்கே எழுந்து நடக்க முடியாத மூத்தம்மா என்ற பட்டியல் பெண்களிடம் இருக்கும். தேவைப்பட்டால் யாரை முதலில் இடம் மாற்றுவது என்பதை அவர்களிடமே விடுங்கள்.

படி 5: நிருபர்களுக்கும் படம் எடுப்பவர்களுக்கும்

ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு 2019 ஏப்ரல் 29ஆம் திகதி முகத்தை மூடுவது அவசரகாலச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. தடை முகத்திரைக்கு மட்டும்தான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலும் அரச அலுவலகங்களிலும் தலையில் முக்காடு போட்டவர்களும் நிறுத்தப்பட்டார்கள். மே மாத இறுதியில் பெண் அரச ஊழியர்கள் சேலைதான் உடுத்த வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு திருத்தப்பட்டது. இத்தனையையும் பற்றிப் பத்திரிகைகளில் ஏராளமாக எழுதினார்கள். நிகாப் அணிந்த பெண் படத்தில் இருந்தாள். பேட்டியில் அவள் இல்லை.

ஆகவே நிருபருக்கு முதல் விதி: பெண்ணின் உடுப்பைப் பற்றி எழுதினால், அதை உடுத்துகிற ஒரு பெண்ணிடமாவது பேசாமல் செய்தியை அனுப்பாதீர்கள். ஒருவரிடம் பேசிவிட்டு "முஸ்லிம் பெண்கள் கருதுகிறார்கள்" என்றும் எழுதாதீர்கள். விரும்பி அணிபவள், வீட்டாருக்காக அணிபவள், முன்பு அணிந்து இப்போது விட்டவள், ஒருநாளும் அணியாதவள் என்று ஒரே தெருவில் நான்கு பேர் இருப்பார்கள்.

கறுப்புத் துணி மூடிய பெண்கள் முதுகு காட்டி நடக்கும் அந்தப் பழைய படம் எல்லா ஆசிரியபீடத்திலும் கோப்பில் கிடக்கும். வறுமை, கொரோனா, குற்றம் என்று எதற்கும் அதை எடுத்துப் போடுவார்கள். செய்தியில் நிகாப் இல்லையென்றால் படத்திலும் வேண்டாம். தலைப்பில் "முஸ்லிம் பெண் கைது" என்று எழுதும் முன், இதே குற்றத்துக்கு ஒரு பௌத்தப் பெண் கைதாகியிருந்தால் "பௌத்தப் பெண்" என்று எழுதியிருப்போமா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மதத்தைத் தூக்கிவிடுங்கள்.

சம்மதம் கேட்பதில் நம்மவர்கள் அசட்டை. தலையசைத்தாள், எடுத்துவிட்டேன் என்பார்கள். ஒரு படம் வெளிவந்ததால் கல்யாணப் பேச்சு முறிந்த வீட்டை எனக்குத் தெரியும். எடுத்த படத்தை அவளிடமே காட்டுங்கள், எங்கே வரும் என்று சொல்லுங்கள், ஒருநாள் அவகாசம் கொடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கை, தையல் மெஷின், வாசல் செருப்பு என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. முஸ்லிம் விவாக, விவாகரத்து வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குப் போன பெண்ணின் கதையென்றால் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவரின் தொழில் மூன்றையும் சேர்த்து எழுதினால் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சொந்த ஊடகங்களையும் மறக்க வேண்டாம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையில் மாதர் மஜ்லிஸ் என்று பெண்களுக்கான நிகழ்ச்சியே இருந்திருக்கிறது. விடிவெள்ளி போன்ற பத்திரிகைகள் நம் ஊர்ப் பிரச்சினையை விரிவாக எழுதுகின்றன. உங்கள் குழுப் பெண்ணின் கட்டுரையை முதலில் அங்கே அனுப்புங்கள். கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையில் வந்தால் தூதரகங்களில் வாசிப்பார்கள், ஊரில் வாசிக்க மாட்டார்கள்.

படி 6: "இது பேசுகிற நேரமா?" என்ற கேள்வி

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் பலருக்கும் ஆசை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தையும் காதியின் அனுமதியோடு பதியலாம் என்று அதில் ஒரு பிரிவு. காதியாக ஆண்தான் வர முடியும். நிகாஹ் பதிவில் மணமகளின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை, "வலி" எனப்படும் அவளுடைய ஆண் பாதுகாவலரின் கையெழுத்துப் போதும். இதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் 1980களிலிருந்தே கேட்கிறார்கள். 1986இல் தொடங்கிய முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி தொட்டு, புத்தளத்தில் இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை செய்த ஜுவைரியா மொஹிதீன் வரை பலர். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் ஒரு குழு போட்டார்கள். அறிக்கை 2018 ஜனவரியில் வந்தது. அதில் குழுவே இரண்டாகப் பிரிந்து நின்றது.

ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: இப்போது சமூகம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது, வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டாதே. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019, அப்புறம் கொரோனா. சமூகம் அடி வாங்காத வருடம் எது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மறுபக்கம் 2021 ஒக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணிக்கு ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள். பல வருடம் முஸ்லிம்களுக்கு எதிராக மேடை மேடையாகப் பேசிய ஒருவர், முஸ்லிம் பெண்ணின் உரிமைக்குக் காவலர் போல வந்து உட்கார்ந்தார். பெண்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

நடுவில் நின்று பேச ஒரு முறை இருக்கிறது. கஷ்டமானதுதான்.

பேட்டிக்கு முன் மூன்று வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, நாங்கள் கேட்பது இது, உதாரணமாக மணமகளின் கையெழுத்தும் 18 வயதும். இரண்டு, இதை முஸ்லிம் பெண்களாகவே கேட்கிறோம், எங்கள் மார்க்கத்தை விட்டு அல்ல. மூன்று, எங்கள் பெயரைச் சொல்லி எங்கள் அண்ணன் தம்பியின் கடையை எரிப்பவர்களோடு எங்களுக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. நிருபர் என்ன கேட்டாலும் இந்த மூன்றுக்குள் திரும்பி வாருங்கள். ஒன்றை வெட்டி மற்றதை மட்டும் போடுவார் என்று தெரிந்தால் பதிவு செய்த பேட்டி வேண்டாம், நேரலையில் வருகிறோம் என்று சொல்லுங்கள். சில அழைப்புகளை மறுத்துவிடுவதும் வேலையில் ஒரு பகுதிதான்.

பள்ளிவாசல் தரப்புக்கு ஒரு வேண்டுகோள். கருத்து பிடிக்காவிட்டால் மறுத்து எழுதுங்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். ஜும்ஆ குத்பாவில் அவளைச் சாடையாகக் குத்திப் பேசாதீர்கள். மிம்பரிலிருந்து விழும் ஒரு சாடை வார்த்தை, திங்கட்கிழமைக்குள் அவள் போனில் ஆபாசப் படமாக மாறி வந்து நிற்கும். அப்படி வந்தால் அதையும் படி 4இல் சொன்னபடி சேமித்துக்கொண்டு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். குழுவின் மற்ற இரு பெண்களும் அன்றைக்கு அவள் வீட்டில் போய் இருக்க வேண்டும். இது எழுதப்பட்ட கடமையாகவே இருக்கட்டும்.

படி 7: தமிழர் பக்கம்

சமாதானம் என்றதும் சிங்களவர்களோடு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை முழுவதுமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கு முழுவதும் சேர்த்தால் ஏறக்குறைய 75,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இன்னொரு பக்கம், கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினரால் கொல்லப்பட்ட தமிழர்களின் கதையும் இருக்கிறது. இரண்டு பக்கமும் தன் கதையை மட்டும் தமிழில் எழுதுகிறது. மற்றவரும் அதே தமிழில்தான் அதை வாசிக்கிறார். மொழிபெயர்ப்பில் தப்பு நடந்தது என்று சொல்ல இங்கே வழியில்லை.

ஆகவே தமிழ்–முஸ்லிம் செய்தியில் வார்த்தைதான் முதல் வேலை. "தொப்பி பிரட்டி", "சோனி" என்று முஸ்லிம்களை இழிவாகச் சொல்லிக் கருத்துப் பகுதியில் வருவதை அட்மின்கள் கேட்காமலே நீக்க வேண்டும். நம் பக்கக் குழுக்களில் தமிழர்கள் எல்லோரையும் "புலி" என்று எழுதுவதற்கும் அதே விதி. 2018 ஏப்ரலில் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பிரச்சினையானது. அப்போது இரு தரப்பு ஆண்களும் வீதியில் நின்று பதாகை பிடித்தார்கள். ஒரே ஓய்வறையில் பல வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட இரு தரப்பு ஆசிரியைகளையும் உட்காரவைத்துப் பேசவிட்ட செய்தி ஒன்றைக்கூட நான் வாசித்ததாக நினைவில்லை. அப்படிப்பட்ட வேளையில் உங்கள் குழு முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியது அதைத்தான். கமரா இல்லாமல், ஒரு தமிழ் ஆசிரியை வீட்டில்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மன்னாரில் ஷிரீன் சரூர் தொடங்கிய மகளிர் அபிவிருத்திச் சம்மேளனத்தில் தமிழ், முஸ்லிம் பெண்கள் ஒன்றாக வேலை செய்தார்கள். கொரோனா காலத்தில் அரசாங்கம் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தபோது, 2020 டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். அதைக் கண்டு மனம் நொந்த மக்கள் பொரளை மயான வேலியில், ஜனாஸாவைச் சுற்றும் கபன் துணி போல வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். ஒரு சுலோகம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. எந்த மதத்துத் தாயும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். அடுத்த பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை தமிழர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள், ஜனாஸா எரிப்பும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அந்த மாதமே அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது. நான் பார்த்த சமாதானச் செய்திகளில் அந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைக்க வேறொன்று இல்லை.

படி 8: முறைப்பாடு எங்கே, எதுவரை

பத்திரிகைச் செய்தியென்றால் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு. பதிவை அந்தத் தளத்திலேயே முறையிட வேண்டும். சிங்களப் பதிவென்றால் அது ஏன் ஆபத்து என்று ஓரிரு வரி விளக்கம் சேர்த்து, பத்துப் பேர் தனித்தனியாக. மிரட்டலென்றால் 119.

சட்டத்தைக் கூப்பிடும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெறுப்புப் பேச்சைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் இருக்கிறது. ஹசலகவில் சுக்கான் படம் போட்ட உடையோடு போன பெண் மீது பாய்ந்ததும் அதே சட்டம். தமிழில் கவிதை எழுதிய இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மே மாதம் கைதானார். வன்முறையைக் கண்டித்து அவர் எழுதிய வரிகளையே வன்முறையைத் தூண்டுவதாகப் பெயர்த்துக் காட்டினார்கள். வழக்கிலிருந்து அவர் விடுவிக்கப்பட 2023 டிசம்பர் ஆனது. 4000 தாய்மாரை மலடாக்கியதாக வதந்தி கிளம்பிய குருநாகல் வைத்தியர் ஷாபியின் விஷயத்தில், குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. ஆனாலும் அவர் மறுபடி வேலையில் சேர 2022 ஆனது. நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்கச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். அந்தச் செய்தியை உங்கள் சிங்களப் பதிவுகளில் அடிக்கடி பயன்படுத்துங்கள். ஆகவே "கைது செய்" என்று கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் போடு, பதிவை நீக்கு, மறுப்பை அதே பக்கத்தில் அதே அளவில் போடு என்று கேட்பதுதான் முதலில்.

படி 9: ஒத்திகை

மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை. குழுவில் ஒருவர் காலை பத்து மணிக்கு, குழுவுக்குள் மட்டும், ஒரு கற்பனை வதந்தியைப் போடுகிறார். முதல் வரியிலேயே "ஒத்திகை" என்று இருக்க வேண்டும், வெளியே போய்விடக் கூடாது. மணியைப் பாருங்கள். மூல மொழி எத்தனை நிமிடத்தில் வந்தது? குரல் பதிவு? சிங்களப் பதிவு? ஒத்திகையில் பேசிய குரல்களில் பெண் குரல் எத்தனை? முதல் ஒத்திகையில் எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. காரணம், பதிவை வெளியிட யாருடைய அனுமதி வேண்டும் என்று தெரியாமல் தலைவரைத் தேடினோம், அவர் கல்யாண வீடொன்றில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறைக்குள் விதியை மாற்றினோம்: குழுவில் எந்த இருவர் சரியென்றாலும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால், பதிவு போகலாம். இரண்டாம் ஒத்திகை நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

நம்பர் பட்டியலைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். 2018 மார்ச்சிலும் 2019 மே மாதத்திலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது, வட்ஸ்அப் குழுக்களை நம்பியிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, குழுவினர் ஒவ்வொருவர் வீட்டிலும் சமையலறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.